அமெரிக்கச் சைக்கிள் வீரர்களும் ஐரோப்பியச் சாலைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் பறிக்கப்பட்டுவிட்டன. அவரை விலக்கிவிட்டுப் பார்த்தால், ஐரோப்பியருக்கு ஈடாக நிற்கக்கூடிய அமெரிக்கச் சைக்கிள் வீரர் என்று எவரையாவது சொல்ல முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை பெற்ற ஏழு பட்டங்கள் 2012-இல் நீக்கப்பட்டன. 2006-இல் முதலாவதாக வந்த ஃபிளாய்ட் லாண்டிஸும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பட்டத்தை இழந்தார். இந்த இரண்டு பெயர்கள் எழுப்பிய இரைச்சலில் அமுங்கிப்போனவர் கிரெக் லெமாண்ட். 1981-இல், இருபது வயதுகூட நிறையாத நிலையில், பிரான்ஸின் ரெனோ அணியில் சேர்ந்து ஐரோப்பாவிலேயே தொழில் கற்ற அவர், 1983-இல் உலகச் சாம்பியன் ஆனார். 1986-இல், ஐந்து முறை டூர் வென்ற தம் அணித் தோழர் பெர்னார் இனோவோடு பந்தயம் முழுவதும் மல்லுக்கட்டி, டூர் டி பிரான்ஸை வென்ற முதல் அமெரிக்கரானார். ஐரோப்பியர் அல்லாத ஒருவர் அதை வென்றதும் அதுவே முதல் முறை.

மறு ஆண்டு வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர், உடலில் ஈயத் துகள்கள் தங்கியிருந்த நிலையிலேயே 1989-இல் மீண்டும் டூருக்கு வந்தார். கடைசி நாளன்று பிரான்ஸின் லோரான் ஃபிஞ்ஞோன் 50 விநாடிகள் முன்னிலையில் இருந்தார். மீதமிருந்ததோ வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், அதுவும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் கட்டம். காற்றைக் கிழிக்க உதவும் நீட்டிய கைப்பிடியைப் பொருத்திக்கொண்டு குனிந்து ஓட்டிய லெமாண்ட், அந்த 50 விநாடிகளையும் அழித்து, மேலும் 8 விநாடிகள் கூடுதலாகப் பெற்று வென்றார். டூர் வரலாற்றில் இதைவிடக் குறைந்த இடைவெளியில் முடிவான பந்தயம் இல்லை. அதே ஆண்டில் இரண்டாவது முறையாக உலகச் சாம்பியன் பட்டத்தையும், 1990-இல் மூன்றாவது டூரையும் வென்றார்.

மூன்று வாரப் பெரும் பந்தயங்களில் வெற்றி நிலைத்து நிற்கும் அமெரிக்க ஆண்கள் மொத்தம் நால்வர்தான். லெமாண்டைத் தவிர, 1988-இல் காவியா கணவாயின் பனிப்பொழிவைத் தாண்டி இத்தாலியின் ஜிரோவை வென்ற ஆண்டி ஹாம்ஸ்டென், 2013-இல் 41 வயதில் ஸ்பெயினின் வுவெல்ட்டாவை வென்ற கிறிஸ் ஹார்னர், 2023-இல் அதே வுவெல்ட்டாவை வென்ற செப் கஸ். எண்ணிக்கையில் இது குறைவுதான். ஆனால் ஜோனதன் பாயர் என்ற முதல் அமெரிக்கர் டூரில் தொடக்கக் கோட்டில் நின்றதே 1981-இல்தான் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: கலிஃபோர்னியா சுற்றுப் பந்தயத்துக்கு உலகின் முன்னணி வீரர்கள் எல்லாம் வந்தார்களே? அதை ஏன் ஐரோப்பியப் பந்தயங்களுக்குச் சமமாக எவரும் கருதவில்லை?
— வாசகர், சென்னை

பதில்: வந்தவர்களின் தரத்தில் குறை சொல்ல முடியாது. 2014-இல் பிராட்லி விக்கின்ஸ், 2015-இல் பீட்டர் சாகன், 2016-இல் ஜூலியன் அலஃபிலிப் என்று வென்றவர்களின் பட்டியல் கனமானது. 2018-இல் அங்கே வென்ற ஈகன் பெர்னால் அடுத்த ஆண்டே டூரை வென்றார். 2019-இல் வென்ற இருபது வயது இளைஞர் ததேய் பொகாச்சார் 2020-இல் டூரை வென்றார். ஆக, வருங்காலச் சாம்பியன்களை அடையாளம் காட்டுவதில் அந்தப் பந்தயம் சோடை போகவில்லை.

ஆனால் ஐரோப்பிய வீரர் ஒருவர் அங்கே வந்ததன் நோக்கம் வேறு. மே மாதத்தில், ஜிரோ நடக்கும் அதே வாரங்களில், ஜூலை மாத டூருக்கு உடம்பைத் தயார் செய்துகொள்ள வந்தவர், தோற்றிருந்தாலும் அதற்காக வருந்தியிருக்க மாட்டார். ஜிரோவில் தோற்பவருக்கு அந்த ஆண்டே வீணாகிவிடுகிறது. பந்தயத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான் என்பது என் கருத்து. யார் வந்தார் என்பதைவிட, எதை இழக்கத் துணிந்து வந்தார் என்பதே முக்கியம்.

சாலைகளும் ஒரு காரணம். அமெரிக்க நெடுஞ்சாலைகள் அகலமானவை. முன்னே தப்பியோடும் சிலரை, பின்னால் வரும் பெருங்கூட்டம் வரிசை கட்டித் துரத்திப் பிடிப்பது அங்கே எளிது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில், வயல்களுக்கு இடையே ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய கல் பாவிய பாதைகளும், பாட்டர்பெர்க் போல 400 மீட்டர்கூட நீளமில்லாமல் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஏற்றங்களும் அடுத்தடுத்து வருகின்றன. ஏற்றம் தொடங்கும்போது முதல் இருபது பேருக்குள் இல்லாதவர், கால்களில் எவ்வளவு வலு இருந்தாலும் முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் வளரும் இளைஞர் பழகுவதோ, ஊர் நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றளவுள்ள பாதையை ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகத் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் கிரைட்டீரியம் பந்தயம். வேகமும் வளைவில் திரும்பும் லாகவமும் அதில் நன்றாகவே கைவரும். ஆறு மணி நேரச் சவாரிக்குப் பிறகு எஞ்சியிருக்க வேண்டிய வலு அதில் கைவராது.

இதற்கெல்லாம் மேலாக, அமெரிக்கப் பந்தயங்கள் நிலைப்பதில்லை. டூரை 1903-இல் ‘லோட்டோ’ நாளிதழும், ஜிரோவை 1909-இல் ‘கசெட்டா தெல்லோ ஸ்போர்ட்’ நாளிதழும் விற்பனையைப் பெருக்கத் தொடங்கின. (பத்திரிகை விற்க இவ்வளவு பாடுபட்டவர்களை நினைத்து எங்கள் ஆசிரியர் பெருமூச்சு விடுகிறார்.) பிறகு ஊர்களே பந்தயத்தைத் தங்கள் உடைமையாக எடுத்துக்கொண்டன, தொடக்கமும் முடிவும் தங்கள் ஊரில் அமைய வேண்டும் என்று நகராட்சிகள் பணம் கட்டிக் காத்திருக்கின்றன. அமெரிக்காவிலோ பந்தயம் பெரும்பாலும் ஒரே புரவலரின் விளம்பரமாகப் பிறந்து, அவர் விலகியதும் மறைந்துவிடுகிறது. கொலராடோவில் ஒரு மூலிகைத் தேநீரின் பெயரில் 1975-இல் தொடங்கிய பந்தயம் பீர் நிறுவனத்தின் கைக்கு மாறி, ‘கூர்ஸ் கிளாசிக்’ ஆக 1988 வரை ஓடியது. அடுத்து 1989-இல் வந்தது ‘டூர் டி டிரம்ப்’. ஆம், அதே டிரம்ப்தான். இரண்டே ஆண்டுகளில் அது ‘டூர் டுபாண்ட்’ ஆகி 1996-இல் நின்றது. ஜார்ஜியா பந்தயம் 2003 முதல் 2008 வரை, கொலராடோவின் புதிய பந்தயம் 2011 முதல் 2015 வரை, கலிஃபோர்னியா 2006 முதல் 2019 வரை. ஒரு தந்தை பார்த்த பந்தயத்தை மகன் பார்க்கக் கொடுத்துவைக்காத நாட்டில், அதற்கென்று ஒரு மரபு எப்படி உருவாகும்?

கேள்வி: அப்படியானால் இன்று அமெரிக்காவில் பார்க்கத் தகுந்த பந்தயமே கிடையாதா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆண்களுக்கான வேர்ல்ட் டூர் என்ற உயர்மட்ட வரிசையில், கலிஃபோர்னியா நின்ற பிறகு, அமெரிக்காவில் ஒரு பந்தயமும் இல்லை, அண்டை நாடான கனடாவில் கியூபெக்கும் மொன்ட்ரியாலும் இருக்கின்றன. அமெரிக்கர்களின் ஆர்வம் இப்போது சரளைச் சாலைப் பந்தயங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் நடக்கும் ‘அன்பவுண்ட்’ பந்தயம் சுமார் 320 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் மட்டும் ஐரோப்பியர்கள் கடல் தாண்டி வந்து தங்களை நிரூபித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. நிரூபிக்கவும் செய்கிறார்கள்: 2022-இல் நெதர்லாந்தின் ஐவர் ஸ்லிக்கும், 2024-இல் பெண்கள் பிரிவில் ஜெர்மனியின் ரோசா கிளோசரும் வென்றார்கள்.

கேள்வி: பிரான்ஸின் புகழ்பெற்ற ஒரு நாள் பந்தயமான பாரி–ரூபேயை அமெரிக்க ஆண் எவரேனும் வென்றதுண்டா?
— வாசகர், மதுரை

பதில்: இல்லை. 2005-இல் ஜார்ஜ் ஹின்காபி இரண்டாவதாக வந்தார். ஃபிளாண்டர்ஸிலும், இத்தாலியின் ஒரு நாள் பந்தயமான மிலான்–சான்ரெமோவிலும் இதே கதைதான்: அமெரிக்க ஆண் எவரும் வென்றதில்லை.

கேள்வி: ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அமெரிக்கப் பெண்களின் நிலை என்ன?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஏனென்றால் இந்தக் கதையில் பெண்களே முந்திக்கொண்டவர்கள். லெமாண்ட் உலகச் சாம்பியன் ஆவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 1969-இல், செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோவில் ஆட்ரி மெக்எல்மரி அந்தப் பட்டத்தை வென்றுவிட்டார். அமெரிக்கர் வெல்லக்கூடும் என்று எவரும் எதிர்பார்க்காததால், தேசிய கீதத்தின் ஒலிப்பதிவைத் தேடிப் பிடிக்கும்வரை பரிசளிப்பு தாமதமானது என்று சொல்வார்கள். 1980-இல் பெத் ஹைடன் அதே பட்டத்தைப் பெற்றார். 1984-இல் பிரான்ஸில் நடந்த முதல் பெண்கள் டூரை மரியான் மார்ட்டினும், அதே ஆண்டில் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட பெண்கள் சாலைப் பந்தயத்தைக் கோனி கார்ப்பென்டரும் வென்றனர். கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் (லான்ஸுக்கு உறவினர் அல்லர்) 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் கடிகாரப் பந்தயத்தில் தங்கம் பெற்றார். பெண்களுக்கான ஜிரோவை மாரா அபாட் இரண்டு முறையும் மேகன் குவார்னியர் ஒரு முறையும் வென்றிருக்கிறார்கள்.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்தது எல்லாவற்றையும் விட வியப்பானது. அலாஸ்காவில் பிறந்து, கல்லூரியில் படகு வலித்து, முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுச் சைக்கிளுக்கு வந்த கிறிஸ்டன் ஃபாக்னர், சாலைப் பந்தயத்துக்கு மாற்று வீராங்கனையாகவே சேர்க்கப்பட்டவர். கடைசி சில கிலோமீட்டர்களில், மரியானே வோஸ், லோட்டே கோபெக்கி போன்ற ஐரோப்பிய ஜாம்பவான்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நொடியில் பாய்ந்து சென்று, கிட்டத்தட்ட ஒரு நிமிட இடைவெளியில் வென்றார்.

கேள்வி: அடுத்த சில ஆண்டுகளில் ஓர் அமெரிக்கர் டூர் டி பிரான்ஸை வெல்வாரா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: எனக்கு நம்பிக்கை குறைவு. திறமையுள்ளவர்கள் இல்லாமல் இல்லை. மேட்டியோ ஜோர்கன்சன் இளம் வயதிலேயே பிரான்ஸின் ஷாம்பெரியில் உள்ள அணியில் சேர்ந்து பழகியவர். பாரி–நீஸ் பந்தயத்தை 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றார். ஆனால் எட்டு நாள் பந்தயம் வேறு, மூன்று வாரம் வேறு. 2024 டூரில் அவர் எட்டாவதாகவே வந்தார். அதோடு ஜூலை மாதத்தில் அவருடைய முதல் கடமை, அணித் தலைவர் யோனாஸ் விங்கெகோருக்காக உழைப்பது. செப் கஸ்ஸும் அதே அணியில் மலையேற்றங்களில் தலைவர்களை இழுத்துச் செல்லும் பணியாளர். 2023-இல் அணித் தோழர்களான விங்கெகோரும் ரோக்லிச்சும் அவருக்குப் பின்னால் அடங்கி நின்றதால்தான் வுவெல்ட்டா அவருக்குக் கிடைத்தது என்பாரும் உண்டு. அதே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்களையும் முழுமையாக ஓட்டி முடித்த மனிதரைப் பற்றி அப்படிச் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை.

டூரைவிட ஒரு நாள் பந்தயங்களில் அமெரிக்கர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன். 2025-இல் பெல்ஜியத்தின் டுவார்ஸ் டோர் ஃபிளாண்டரன் பந்தயத்தின் இறுதியில் நால்வர் மட்டும் முன்னே இருந்தார்கள்: ஒரே அணியைச் சேர்ந்த வவுட் வான் ஆர்ட், டீஸ் பெனூட், ஜோர்கன்சன் ஆகிய மூவரும், அவர்களுக்கு எதிராகத் தனியாக நீல்சன் பவ்லெஸ் என்ற அமெரிக்கரும். மூவரும் கூடி, சொந்த ஊர்க்காரரான வான் ஆர்ட்டைக் கோட்டுவரை பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். கோட்டைத் தொட்டதில் முதலாவது பவ்லெஸின் சக்கரம்.