மொய் நோட்டும் ரசீதுப் புத்தகமும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 43 வயது. ஒன்பது ஆண்டுகள் மெடிக்கல் ரெப்பாகவும், ஆறு ஆண்டுகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்திலும் வேலை பார்த்தேன். கொரோனாவுக்குப் பின், மதுரைக்குப் பக்கத்தில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் நிதி திரட்டும் அலுவலராகச் சேர்ந்தேன். பிறந்து வளர்ந்த ஊரிலேயே கடை கடையாக ஏறி இறங்குகிறேன். தெரிந்தவர்கள் சிலர் என்னைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். சென்ற ஆவணியில் ஒரு கல்யாணத்தில் என் பெரியப்பா மகன், பத்துப் பேர் நடுவில், “என்னடா, இன்னும் வசூல் வேலைதானா?” என்று கேட்டார்.

இப்போது நிர்வாகம் ஓர் ஆலோசகரை வைத்திருக்கிறது. 500 ரூபாய் தருபவர்களின் பின்னால் அலைவது வீண், இனி நிறுவனங்கள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியை மட்டும் தேடிப் போக வேண்டும் என்கிறார் அவர். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் மாதாமாதம் 500 ரூபாய் தருவார். பணத்தை எண்ணுவதற்கு முன், எங்கள் இல்லத்துச் சிறுவன் ஒருவனின் பெயரைச் சொல்லி, “இப்பத் தானாச் சாப்பிடுறானா?” என்று கேட்பார். அவரிடம் இனி வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பிரிவில் நல்ல சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. பழைய மருந்து நிறுவன மேலாளரும் திரும்பக் கூப்பிடுகிறார். எதைச் செய்வது?

ச., மதுரை

அன்புள்ள ச.,

உங்கள் பெரியப்பா மகன் கேலி செய்த அதே மண்டபத்தின் வாசலில், மேசை போட்டு, ஒருவர் மொய் எழுதிக்கொண்டிருந்திருப்பார். அவரை யாரும் வசூல்காரர் என்று சொல்வதில்லை. பணம் கைமாறும் இடத்தில் கை சுத்தமான ஆளைத்தான் வீட்டார் உட்கார வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்த நாற்காலிக்கு ஒரு மரியாதை உண்டு. உங்களுக்கு அந்த மரியாதை கிடைக்காததற்குக் காரணம் நீங்கள் கேட்பது அல்ல என்றே நினைக்கிறேன். மொய்ப் பணம் என்றைக்காவது திரும்பி வரும். நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, நம் வீட்டு விசேஷத்தில் அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். உங்களிடம் தந்த பணம் அப்படித் திரும்பி வருவதில்லை. ஆகவே கொடுத்தவருக்கு நீங்கள் திருப்பித் தரக்கூடியது அந்தப் பணம் என்ன ஆயிற்று என்ற செய்தி ஒன்றுதான். நம் ஊர்களில் நன்கொடை வாங்கியவர்கள் பெரும்பாலும் அதைத் தராமல் போனார்கள். அதற்கான முகச்சுளிப்பை இப்போது நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவறால் கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுப்பப் பணம் திரட்டியபோது, ரசீதுப் புத்தகம் என்னிடம் இருந்தது. தெருமுனையில் இட்லி விற்கும் ஒரு பாட்டி இருபது ரூபாய் கொடுத்தார். அச்சடித்த ரசீதுகள் குறைவாகவே இருந்ததால், அவற்றைப் பெரிய தொகைகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, “இதுக்கெல்லாம் எதுக்கு ஆத்தா ரசீது?” என்று கேட்டுவிட்டேன். அவர் மாவுக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, “எழுதிக் குடு சாமி, எம் பேரும் அதுல இருக்கட்டும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆனால் சுவர் எழும்பிய பின் வரவு செலவை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுப்போம் என்று சொன்னதை ஏழு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு ரூபாயும் தவறவில்லை. கணக்கு மட்டும் தாமதமாயிற்று. மேற்கூரைக்காக மறுபடி போனபோது, முதல் முறை கொடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் கதவே திறக்கவில்லை. அந்தப் பாட்டி கொடுத்தார், ஆனால் இந்த முறை ரசீது கேட்கவில்லை. திறக்காத கதவுகளைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

இனி ஆலோசகர் சொன்னதற்கு வருகிறேன். அவரை அறிவில்லாதவர் என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரே ஒப்பந்தத்தில் ஒரு வேனோ, பயிற்சிக் கூடமோ வந்துவிடும். அதற்கு ஈடான தொகைக்கு நீங்கள் எத்தனை கடை ஏற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டால் அவர் சொல்வது சரியென்றே படும். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கும் ஓர் ஆண்டுக்கும் கட்டுப்பட்டு வருவது. சமையல்காரம்மாவின் சம்பளத்தையும், மின்கட்டணத்தையும், இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆட்டோக் கூலியையும் அதில் எழுதுவது கடினம். நிறுவனத்தில் அந்தப் பிரிவைக் கவனித்த அதிகாரி மாற்றலாகிப் போனால், இல்லத்தின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஒரே குழாயை நம்பினால் என்ன ஆகும் என்பதை வெளிநாட்டு நன்கொடையில் பார்த்தோம். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடுத்தார்கள். பெரிய நிறுவனங்களின் நிழலில் வாழ்ந்த சிறிய அமைப்புகளுக்கு அது பெரிய அடி. உங்கள் மளிகைக்கடைப் பெரியவரைப் போன்றவர்களை எந்தத் திருத்தம் தொடும்? 2017-இலிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், நன்கொடையாளருக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடையாது என்றானது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை என்றும் ஆனது. மாதம் 500 தருபவர் உங்களிடம் என்றாவது 80ஜி சான்றிதழ் கேட்டிருக்கிறாரா? அவர் கேட்பது அந்தச் சிறுவன் தானாகச் சாப்பிடுகிறானா என்பதைத்தான்.

உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் விருதுநகர் இருக்கிறது. 1889-இல் அங்கே தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு ஊர் மக்கள் பிடி அரிசி கொடுத்தார்கள். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது, அதைச் சேர்த்து எடுத்துப் போய்ப் பள்ளிச் செலவுக்கு ஆக்குவது என்பதுதான் ஏற்பாடு. வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கென்று ஒரு பங்கு, ஒதுக்கினார்கள். மகமையின் தொகை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிடி அரிசி நாள்தோறும் பள்ளியைச் சமையற்கட்டுக்குள் கொண்டுவந்தது. கல்வியைப் பற்றி யாரும் கருத்துக் கேட்டிராத பெண்கள் அதன் நன்கொடையாளர்கள் ஆனார்கள். காமராசர் சிறுவயதில் படித்தது அந்தப் பள்ளியில்தான். அவர் முதலமைச்சராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, ஊர் ஊராக மக்களிடமே மேசை நாற்காலியும் கட்டடமும் கேட்டு வாங்கினார்கள்.

தொழில் மாறுவதைப் பற்றிக் கூச்சப்படவே வேண்டாம். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் அமர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முன்நின்று அலைந்து நிதி திரட்டிய முயற்சியால்தான் அடையாற்றில் 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. உங்கள் பழைய வேலைகளும் வீண் போகவில்லை. டாக்டர் அறைக்கு வெளியே, கடைசி நோயாளி போகும் வரை முகம் சுளிக்காமல் காத்திருக்கத் தெரிந்தவருக்குக் கடை வாசலில் நிற்பது கடினமில்லை. காப்பீட்டு வேலையிலிருந்து மட்டும் ஒன்றை விட்டுவிட வேண்டும். அங்கே கையெழுத்து விழுந்ததோடு வேலை முடிந்துவிடும். இங்கே பணம் வாங்கிய நாளில்தான் தொடங்குகிறது. இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: சென்னை வேலையின் சம்பளத்தில், திரட்டும் தொகைக்கு இத்தனை விழுக்காடு என்று கமிஷன் இருக்கிறதா? இருந்தால் போகாதீர்கள். அமெரிக்காவில் நிதி திரட்டுவோரின் தொழில்முறைச் சங்கம் அதைத் தன் நெறிமுறைகளில் தடை செய்திருக்கிறது. கொடுத்தவரின் 100 ரூபாயில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்டால், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

கமிஷன் இல்லை, பிள்ளைகளின் படிப்புக்குக் கூடுதல் சம்பளம் தேவைப்படுகிறது என்றால், தாராளமாகச் சென்னைக்குப் போங்கள். அதில் எந்தத் துரோகமும் இல்லை. பெரியப்பா மகனுக்குப் பதில் சொல்வதற்காக மட்டும் போக வேண்டாம் என்பதே என் எண்ணம். மருந்து நிறுவனத்துக்குத் திரும்புவதை நீங்களே ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், நானும் அதைத் தொடவில்லை. மதுரையிலேயே இருப்பதானால், நிர்வாகக் குழுவிடம் ஆலோசகரின் அறிக்கைக்குப் பக்கத்தில் வேறொரு தாளையும் வையுங்கள்: மூன்று ஆண்டுகளாக இடைவிடாமல் தருபவர்கள் எத்தனை பேர், அந்தப் பணம் ஆண்டில் எத்தனை மாதச் சமையலுக்கு ஆகிறது என்று. சிஎஸ்ஆர் வேண்டாம் என்று வாதாட வேண்டியதில்லை. வேன் அதில் வரட்டும், சோறு ஊரிலிருந்து வரட்டும்.

போவதாக முடிவு செய்தால், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். உங்கள் இடத்துக்கு வரப்போகிறவரையும் அழைத்துக்கொண்டு, கல்லாவில் கூட்டம் குறையும் மதிய நேரத்தில் போய், ரசீதுப் புத்தகத்தை அவர் கண்ணெதிரே கைமாற்றுங்கள். அவர் கேட்கும் கேள்விக்குப் பதிலையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுவன் இப்போது தானாகச் சாப்பிடுகிறானா இல்லையா என்பதை எனக்கும் நீங்கள் எழுதவில்லை.