வானளாவிய அதிகாரம்

அன்புள்ள ஐயா,

சட்டம் முடித்துத் திருநெல்வேலியில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். ஊர் சேரன்மகாதேவி. என் தாத்தா, முன்னாள் சபாநாயகர் பி.எச்.பாண்டியனுக்காக நான்கு தேர்தல்களிலும் வேலை செய்தவர். எனக்கும் அரசியலுக்கு வர ஆசை. எம்.எல்.ஏ.வாக இருப்பவர் வக்கீல் தொழிலும் பார்ப்பது சரியா? இன்னொன்று. பாண்டியன் பெயரை எடுத்தாலே விகடன் ஆசிரியரை ஜெயிலுக்கு அனுப்பியவர் என்கிறார்கள். அது அந்தக் காலத்து அரசியல். சட்டப்படி அவையின் தலைவராக அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. அந்த ஒன்றை வைத்தே மனிதரை எடைபோடலாமா?

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே பதில் சொல்லிவிட்டது. எம்.எல்.ஏ. முழுநேரச் சம்பள ஊழியர் அல்ல, எனவே அப்படிப்பட்டவர் வக்கீல் தொழில் பார்க்கக் கூடாது என்ற பார் கவுன்சில் விதி அவரைத் தடுக்காது. தாராளமாகச் செய்யலாம்.

என்னால் தாண்டிப் போக முடியாதது ‘சட்டப்படி அதிகாரம் இருந்தது’ என்ற வரிதான். போன மாதம் அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்ததிலிருந்து இதே நினைப்பாகத்தான் இருக்கிறேன். அப்பா அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. வக்காலத்து எழுதுவது, ஸ்டாம்பு ஒட்டுவது, வாய்தா தேதி குறிப்பது என்று நாற்பது வருஷம். பெட்டியில் ஒரு பழைய டைரி. அதற்குள் இரண்டு பேப்பர் துண்டுகள். ஒன்று 1985-ல் பாண்டியன் சபாநாயகரானபோது வந்த படம். கோவிந்தபேரிக்காரர், நம்ம பக்கத்து வக்கீல், அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. அன்றைக்குத் தெருவில் போனவரையெல்லாம் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார்.

இன்னொன்று 1987 ஏப்ரல் செய்தி. எம்.எல்.ஏ.வை ஜேப்படித் திருடனாகவும் மந்திரியை முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் காட்டி விகடன் அட்டையில் ஒரு ஜோக் போட்டது. மன்னிப்புக் கேட்கச் சட்டசபையில் சொன்னார்கள். ஆசிரியர் பாலசுப்ரமணியன் கேட்கவில்லை. சபையின் உரிமையை மீறியதாக மூன்று மாதம் கடுங்காவல். செய்தியில் அந்த வரியின் கீழே அப்பா சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை: ‘நோட்டீஸ்?’

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய குமாஸ்தாவுக்கு முதலில் வந்த சந்தேகம் அதுதான். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதா, அவர் பேச்சைக் கேட்டார்களா? சட்டம் படித்த உங்களுக்கு ஏன் அது வரவில்லை? புண்பட்டது சபை. புகார் சபையுடையது. தீர்ப்பும் சபையே, ஜெயிலுக்கு அனுப்புவதும் சபையே. சின்ன முன்சீப் கோர்ட்டில் இப்படி நடந்தால் உங்கள் சீனியர் எழுந்து கேட்காமல் சும்மா இருப்பாரா?

சபாநாயகருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ என்ற பேச்சு பாண்டியனோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது. அந்த வானத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று 1964-லேயே சொல்லியாயிற்று. உத்தரப்பிரதேச சட்டசபை கேசவ் சிங் என்பவரை ஜெயிலில் போட்டது, அவருக்கு ஜாமீன் கொடுத்த ஐகோர்ட் நீதிபதிகளையே பிடித்துவரச் சொன்னது. விஷயம் குடியரசுத் தலைவர் மூலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சபை அனுப்பிய கைதியின் மனுவையும் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது ஏழு நீதிபதிகள் அமர்வு. பாண்டியன் வக்கீல். இதைத் தெரியாதவர் அல்ல. என் கோபம் அங்கேதான். தெரியாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்து செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

எதிர்ப்பு வலுத்ததும் விகடன் ஆசிரியரைச் சில நாளில் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை, ஐகோர்ட்டுக்குப் போய் வழக்கில் ஜெயித்து 1,000 ரூபாய் இழப்பீடு வாங்கினார். 1986-ல் அரசியல் சட்டப் பகுதியை எரித்ததற்காக அன்பழகன் உட்பட 10 தி.மு.க. உறுப்பினர்களின் பதவி பறிபோனதும் பாண்டியன் காலத்தில்தான்.

அந்தக் காலத்து அரசியல் என்று தள்ளாதீர்கள், தம்பி. 2003-ல் நம் சட்டசபையிலேயே, வேறு சபாநாயகர் காலத்தில். ‘தி இந்து’ பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை. உச்ச நீதிமன்றம் தடை போட்டதால் தப்பித்தார்கள். அரசியல் சட்டத்தின் 194(3) பிரிவு, சபையின் உரிமைகள் என்னென்ன என்று சட்டமன்றமே சட்டம் போட்டு வரையறுத்துக்கொள்ளலாம் என்கிறது. போட்டார்களா? எந்தக் கட்சி வந்தாலும் போடவில்லை. எழுதிவைத்தால் எல்லை தெரிந்துவிடும். எழுதாதவரைக்கும் கை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீளும். அரசியலுக்கு வர ஆசை என்கிறீர்களே, இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். வேறு எந்த வாக்குறுதியும் நான் கேட்க மாட்டேன்.

மனிதரை ஒன்றை வைத்து எடைபோடலாமா என்றீர்கள். கூடாது. 1988 ஜனவரியில் சபைக்குள் அடிதடி நடந்து போலீஸ் புகுந்தது, எம்.ஜி.ஆர். மனைவி ஜானகியின் ஆட்சி கலைந்தது. அடுத்த வருஷத் தேர்தலில் ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாளே தோற்றுப்போனார். அந்த அலையிலும் சேரன்மகாதேவி அந்த அம்மாள் அணியில் நின்ற பாண்டியனைக் கைவிடவில்லை. அதில் உங்கள் தாத்தாவின் உழைப்பும் இருக்கிறது, அவருக்கு என் வணக்கம். 2017 பிப்ரவரியில், ஜெயலலிதா மரணத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி கேட்கப் பலரும் தயங்கிய நேரத்தில், அந்த வயதில் முன்னால் வந்து பேசினார். துணிச்சல் இல்லாதவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 2020 ஜனவரியில் அவர் போன செய்தி வந்தபோது நானும் கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தேன்.

அந்த இரண்டு துண்டுகளையும் அப்பா ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறார், படம் மேலே, செய்தி கீழே. ஊசி துருப்பிடித்து இரண்டிலும் ஒரே இடத்தில் கறை. பிரித்தால் கிழிந்துவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.