ஸ்டேஷனில் இரண்டு ராத்திரி – கடிதம்

வணக்கம் சார்,

பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் போட வேண்டாம். கொலை வழக்கில் சுஷில் குமாருக்குக் கிடைத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து இத்தனை மாதமாகியும் எங்கள் வாக்கிங் கோஷ்டியில் சண்டை ஓயவில்லை. ஒலிம்பிக்கில், பெய்ஜிங்கில் வெண்கலம், லண்டனில் வெள்ளி வாங்கிய மல்லன். 2021இல் அவரைப் பிடித்தபோது முகத்தில் துண்டைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து, பிக்பாக்கெட்டை நிறுத்துவது போல கேமரா முன்னால் நிறுத்தினார்கள். தப்பு செய்திருந்தால் கோர்ட்டு தண்டிக்கட்டும். போலீசுக்கு அவமானப்படுத்த என்ன உரிமை? வெளிநாட்டில் ஒரு வீரனை இப்படி நடத்துவார்களா? வாச்சாத்தி பற்றிப் பேசுகிற நீங்கள் இதற்கு மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை?

நம்ம பக்கத்துப் போலீசும் லேசுப்பட்டவர்கள் இல்லை. போன ஆடியில் மாரியம்மன் பண்டிகைக் கபடியில் கைகலப்பு. என்னிடம் படித்த பையன் ஒருவனை விசாரணைக்கு என்று கூட்டிப்போய் இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். நல்லவேளை, எஃப்.ஐ.ஆர். போடாமல் விட்டுவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறான்.

அன்புள்ள மாஸ்டர்,

முதலில் அந்தத் துண்டு. கைதானவரின் முகத்தை மூடுவது பெரும்பாலும் அடையாள அணிவகுப்புக்காக. சாட்சி முன்கூட்டியே டிவியில் முகத்தைப் பார்த்துவிட்டால் பிறகு அவர் அடையாளம் காட்டுவதற்கு மதிப்பிருக்காது. ஆகவே மூடுவது கைதானவருக்கும் ஒரு பாதுகாப்புதான். நாடே அறிந்த முகத்தை மூடி என்ன புண்ணியம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் மூடிய முகத்தோடு கேமரா முன் நிறுத்தியது விளம்பரத்துக்கு. அதில் உங்கள் கோபம் நியாயம்.

இன்னொரு படத்தை நீங்கள் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, 2021 ஜூனில், அவரை மண்டோலி சிறையிலிருந்து திஹாருக்கு மாற்றினார்கள். கூட்டிப்போக வந்த டெல்லி போலீஸ்காரர்கள் அவரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அவரும் சிரிக்கிறார், அவர்களும் சிரிக்கிறார்கள். படம் வெளியே வந்து நாறிய பிறகு விசாரணை என்றார்கள். ஓசூர் ரோட்டில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து, 2024இல், கொலை வழக்கில் உள்ளே இருந்த நடிகர் தர்ஷன் கையில் சிகரெட்டோடு உட்கார்ந்திருக்கும் படம் வந்தது ஞாபகம் இருக்கும். பிடிக்கும்போது மார்தட்டலும் உள்ளே போனதும் உபசாரமும் ஒரே காக்கிக்குள்தான் இருக்கின்றன. பதக்கத்துக்கு மரியாதை வேண்டும் என்று நாம் கேட்டால், அது அந்த செல்ஃபி வடிவத்தில்தான் வந்து சேரும்.

உங்கள் கடிதத்தில் சாகர் தன்கர் பெயரே இல்லை. 2021 மே 4ஆம் தேதி ராத்திரி சத்ரசால் ஸ்டேடியத்தில் அடிபட்டு இறந்தவர். அவரும் மல்லர், ஜூனியர் பிரிவில் தேசிய சாம்பியன். அவருடைய அப்பா போட்ட மனுவில்தான் 2025 ஆகஸ்ட் 13 அன்று ஜாமீன் ரத்தானது. குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை, அதை நான் முடிவு செய்யப் போவதும் இல்லை. ஆனால் நாட்டுக்குப் பதக்கம் கொடுத்தவர் என்று பேசுகிறபோது, பதக்கக் கனவோடு அதே மைதானத்தில் புரண்டவனையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வெளிநாடு பற்றிக் கேட்டீர்கள். 2024 மே 17 காலையில், உலகின் முதல் நிலை கோல்ஃப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லரை அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், போட்டி நடக்கும் மைதானத்தின் வாசலிலேயே விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். போக்குவரத்தை நிறுத்திய போலீஸ்காரரைக் காரோடு இழுத்துப் போனார் என்று வழக்கு. லாக்கப்பிலிருந்து திரும்பி அன்றைக்கே விளையாடினார். ஆக, அங்கேயும் நடத்துவார்கள். ஆனால் விவாதம் போன திசையைப் பாருங்கள். அந்தப் போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருக்க வேண்டிய கேமரா ஏன் ஓடவில்லை என்று துறையே கேட்டு, அவர் மேல் நடவடிக்கை எடுத்தது. மே 29 அன்று வழக்கு கைவிடப்பட்டது. ஷெஃப்லர் நல்லவரா கெட்டவரா என்று நாளைக் கழித்தவர்கள் அங்கேயும் உண்டு, அது வேறு.

இனி உங்கள் கடைசிப் பத்தி. சுஷிலுக்குப் பக்கம் பக்கமாகக் கோபப்பட்டு, அந்தப் பையனை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள், அதிலும் ஒரு ‘நல்லவேளை’யோடு. சுஷிலை மே 23 அன்று பிடித்தார்கள். அன்றைக்கே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ஆறு நாள் கஸ்டடி வாங்கினார்கள். வக்கீல் நின்று வாதாடினார். துண்டைத் தவிர மற்றதெல்லாம் சட்டப்படி பேப்பரில் இருக்கிறது. உங்கள் பையனுக்கு என்ன இருக்கிறது? கைகலப்பு மாதிரி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றம் என்றால், பொதுவாக புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)இல் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும். கைது என்றால் தேதியும் நேரமும் எழுதிய மெமோ, அதில் சாட்சிக் கையெழுத்து, வீட்டுக்குத் தகவல். டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொன்னது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், இது அரசியல் சட்டமே சொல்வது. இரண்டு ராத்திரி என்பது எந்தக் கணக்கிலும் வராது.

எஃப்.ஐ.ஆர். இல்லாதது நல்லதுதானே என்பீர்கள். வேலை விஷயத்தில் உண்மை. போலீஸ் வெரிஃபிகேஷனில் வழக்கு இருந்தால் சிக்கல் என்று கிரவுண்டில் ஓடுகிற எல்லாப் பையனுக்கும் தெரியும், ஸ்டேஷனுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். “கேஸ் போட்டா உன் வேலை போயிரும், பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு வைத்திருந்தால் அப்பனும் ஆத்தாளும் கும்பிடு போட்டுக் கூட்டிவருவார்கள். அடித்திருந்தாலும் வெளியே வராது. சட்டத்தை மீறியவருக்கே நன்றிக்கடன் பட்டுப் போகிற ஏற்பாடு இது. அதனால்தான் உங்கள் வாக்கிங் கோஷ்டியில் சுஷில் பற்றி விவாதம் நடக்கிறது, அவனைப் பற்றி நடக்கவில்லை.

வாச்சாத்தியை இழுத்தீர்கள், ஆகவே ஒன்று. 1992 ஜூன் 20 அன்று அந்த அரூர்ப் பக்கத்து ஊருக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பிள்ளைகளும் பெண்களுமாகச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பேப்பர் இருந்தது. சந்தனக்கட்டை வழக்கு என்று அந்த மக்கள் மேலேயே போட்ட பேப்பர். ஆகவே மெமோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 269 பேர் மேல் வழக்கு நடந்து, 2011 செப்டம்பர் 29 அன்று, இடையில் செத்துப்போன 54 பேர் போக மீதி எல்லோரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட்டு சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் தாங்களே கூண்டேறிச் சொன்னதுதான் வழக்கைத் தூக்கி நிறுத்தியது.

உங்கள் பையனுக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி வைக்க வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போய் இறந்த ஜெயராஜ், பென்னிக்ஸ் வழக்கில் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தது தெரியவந்தது. அதனால் இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம், எழுத்தில் கேட்க வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுப்பதானால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100க்கு அழைத்தால் போதும்.

வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு இருந்தால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கொடுப்பதும் விடுவதும் அவன் இஷ்டம். நீங்களே ‘நல்லவேளை’ என்று அவனுக்காக முடித்துவிடாமல், அடுத்த ஆடி வருவதற்குள் ஒருமுறை அவனிடம் கேளுங்கள்.