தக்காளியின் அடி கறுக்கிறது, அடுத்து எதைத் தெளிக்கலாம்?

கேள்வி: மொட்டை மாடியில் 12 அங்குலப் பைகள் 22 இருக்கின்றன. தக்காளி, மிளகாய், கத்தரி வைத்திருக்கிறோம். பெரிய தொட்டி ஒன்றில் சுரைக்கொடி. குளிர்ந்த நாட்களில் நன்றாகக் காய்த்த தக்காளி, வெயில் ஏறியதும் காயின் அடியில் கறுத்துத் தோல் மாதிரி தட்டையாகிவிடுகிறது. கடையில் காட்டினோம். கால்சியம் பாட்டில் ஒன்றும், பூ உதிராமல் இருக்க டானிக் ஒன்றும் கொடுத்தார்கள். மூன்று முறை தெளித்தும் குறையவில்லை. வாரம் ஒரு முறை 19:19:19 உரம் கரைத்து ஊற்றுகிறோம், முட்டை ஓடும் போடுகிறோம். தண்ணீரில் குறையே வைப்பதில்லை. காலையில் மாமனார், சாயங்காலம் பிள்ளைகள், நடுவில் வாடினால் நான். மழை தொடங்குமுன் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதுக் கலவை வாங்கிப் போடச் சொல்கிறார் கடைக்காரர். அடுத்து எதைத் தெளிக்கலாம்? மண்ணை மாற்றத்தான் வேண்டுமா? மிளகாய் இலை சுருள்கிறது, சுரையிலும் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது.

பதில்: சகோதரி, தக்காளிக்கு எதையும் தெளிக்க வேண்டாம். அடி கறுத்த காய்களை இன்றே கிள்ளிவிடுங்கள். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம், கெடுதல் இல்லை.

இது பூஞ்சையோ கிருமியோ அல்ல, ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றவும் தொற்றாது. காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வரும் அடி அழுகல். ஆனால் கால்சியம் போய்ச் சேரவில்லை என்பது வேறு, மண்ணில் கால்சியம் இல்லை என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் பாட்டில் விற்கிறார்கள். கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு மேலே ஏறும். இலை நிறையத் தண்ணீரை ஆவியாக்குவதால் பெரும்பங்கு இலைக்கே போய்விடும். காய் மிகக் குறைவாகவே ஆவியாக்குகிறது, அதன் பங்கும் குறைவு. அந்தக் காயிலும் காம்பிலிருந்து தூரத்தில் இருப்பது அடிப்பாகம். காய் சுண்டைக்காய் அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்குப் பருக்கும் நாட்களில் வேர் ஒரு நாள் காய்ந்து மறுநாள் ஊறினால், அடிப்பாகத்துக்குக் கால்சியம் எட்டாமல் அங்கே திசு செத்துவிடும். கறுப்பு உங்கள் கண்ணில் படுவது பிறகுதான், காய் எலுமிச்சை அளவுக்கு வந்தபின். இலையில் தெளித்த கால்சியம் இலையிலேயே தங்கிவிடும், அங்கிருந்து இறங்கிக் காய்க்குப் போகாது. மூன்று முறை தெளித்தும் ஏன் கேட்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம். முட்டை ஓடு மட்குவதற்குள் இந்தச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். 19:19:19-இல் உள்ள அம்மோனியத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வேர் கால்சியத்தை எடுப்பதற்குப் போட்டியாக நிற்கின்றன. ஒரு கையால் கால்சியம் கொடுத்து மறுகையால் தட்டிவிடுகிறீர்கள். காய் பிடித்திருக்கும்போது அந்த உரத்தை நிறுத்துங்கள். யாராவது மெக்னீசியம் சல்பேட் போடச் சொன்னால் அதையும் கேட்காதீர்கள், இது இன்னும் கூடும்.

பூ உதிராமல் இருக்கத் தந்த டானிக் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு. பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் பெரும்பாலான தக்காளி ரகங்களில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். எந்தப் பாட்டிலும் இரவைக் குளிர்விக்காது. உள்ளே என்ன சரக்கு, எத்தனை சதவீதம் என்று சீட்டில் எழுதாத பாட்டில் எதையும் வாங்காதீர்கள். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடும் காய் அது.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. தண்ணீரில் குறையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நோய் இருக்கும் இடம் அந்த வரிதான். மூன்று பேர் ஊற்றும் செடிக்கு எவ்வளவு போயிற்று என்று மூவருக்குமே தெரியாது. ஒருவர் இன்னொருவர் ஊற்றியிருப்பார் என்று விட்டுவிடுவார், அடுத்த நாள் மூவரும் ஊற்றுவார்கள். நட்டு இரண்டு வாரம் ஆன நாற்றுக்கும் ஆளுயரச் செடிக்கும் அதே ஒரு குவளை விழும்.

இன்று சாயங்காலம் பிள்ளைகள் ஊற்றி முடித்ததும் ஒரு பையில் மண்ணை மூடிய சருகு, புல் போன்ற மூடாக்கு ஏதும் இருந்தால் விலக்கிவிட்டு, பழைய கரண்டியால் ஓரமாக நான்கு அங்குலம் தோண்டிப் பாருங்கள். மேல் அரை அங்குலம் கறுப்பாக நனைந்திருக்கும். அதற்குக் கீழே கலவை வெளிறிய பழுப்பில், விரலில் ஒட்டாமல் தூள்தூளாக உதிரும். தென்னைநார்க் கழிவு அதிகம் உள்ள கலவை ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் உள்ளே வாங்காது. கலவை சுருங்கிப் பையின் பக்கச்சுவரை விட்டு விலகியிருக்கும். ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்தில் இறங்கி அடியில் வழிந்தோடும். அடியில் தண்ணீர் வந்ததைப் பார்த்து நீங்கள் திருப்தியாகப் போய்விடுவீர்கள். நடுவில் வேர்க்கட்டு காய்ந்தே கிடக்கும்.

அப்படிக் கிடந்தால், பையை அப்படியே அகலமான டப்பில் ஆறு அங்குலத் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மேல்மண் கீழிருந்து நனைந்து கறுத்ததும் எடுத்து வடிய விடுங்கள். தூக்க முடியாத பைகளுக்கு ஒரு லிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு இன்னொரு லிட்டர், மறுபடி பத்து நிமிடம் விட்டு மூன்றாவது லிட்டர். பக்கச் சந்தை விரலால் அழுத்தி மூடிவிடுங்கள்.

பிறகு ஊற்றும் கை ஒன்றாக இருக்கட்டும். மாமனார் காலையில் எழுபவர் என்றால் அவரே ஊற்றட்டும். காய்த்திருக்கும் தக்காளிக்கு இந்த வெயிலில் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் வேண்டும், அதையும் இரண்டு தவணையாக. மிளகாய்க்கு அதில் பாதி போதும். ஊற்றிய பையின் விளிம்பில் துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் குத்திவிடச் சொல்லுங்கள். சாயங்காலம் பிள்ளைகளின் வேலை விரல் வைத்துப் பார்ப்பது. இரண்டு கணு ஆழத்தில் ஈரம் தட்டினால் கிளிப்பை எடுத்துவிடலாம், தட்டாவிட்டால் கிளிப் அங்கேயே இருக்கட்டும். கிளிப் இருக்கும் பைக்கு மட்டும் தாத்தா மறுபடி ஊற்றுவார். நடுப்பகல் வாட்டத்துக்கு நீங்கள் குவளையோடு ஓட வேண்டாம். உச்சி வெயிலில் இலை தொங்கும், மண்ணில் ஈரம் இருந்தால் வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். காலையிலேயே தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

எதைத் தெளிக்கலாம் என்று கேட்டீர்கள், எதைப் போடலாம் என்று கேட்டிருந்தால் ஒரே சொல்லில் பதில் சொல்லியிருப்பேன்: மூடாக்கு. வீட்டுத் தோட்டத்தில் இதற்கு நிகரான இடுபொருள் எதுவுமில்லை என்பது என் உறுதியான எண்ணம். கடைகளில் இதைச் சொல்லமாட்டார்கள், சருகை யாரும் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை. ஆனால் காலையும் மாலையும் காய்ந்து நனைந்து அலைக்கழியும் வேர்மண்ணை ஒரே ஈரத்தில் நிறுத்தி வைப்பது அதுதான். அடி அழுகலுக்கு மருந்து என்று ஒன்று உண்டென்றால் அந்த ஒரே ஈரம்தான்.

மூடாக்குக்கு இடம் இல்லாமல் பையை விளிம்புவரை நிரப்புவதுதான் முதல் தவறு. கலவை எப்போதும் விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே நிற்க வேண்டும். சருகை கையால் நொறுக்கி, ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். காய்ந்த சருகை அப்படியே போட்டால் ஓலைக்கூரை போல மழைநீரைக்கூட வெளியே தள்ளிவிடும். தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் வெறுமையாக விடுங்கள், ஒட்டிக் கிடந்தால் கழுத்து அழுகும். வெட்டிய பச்சைப் புல்லைக் கனமாகப் போட்டால் சூடேறிப் பிசுபிசுத்துக் கட்டியாகும், இரண்டு நாள் காயவைத்துப் போடுங்கள். விதை வைத்த களையைப் போடவே வேண்டாம். மரத்தூள், மரச்சீவல் மேலே கிடந்தால் பரவாயில்லை, மண்ணோடு கலந்தால் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடி மஞ்சளாகும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கனம் பாதியாக இறங்கியிருக்கும், மேலே சேர்த்துக்கொண்டே வாருங்கள். வாரம் ஒரு நாள் பிள்ளைகள் விலக்கிப் பார்த்து எறும்பு, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று சொல்லட்டும்.

பையின் மேல்பக்கம் மட்டும் போதாது. மாலை வெயில் அடிக்கும் பக்கத்துப் பைச்சுவர் தொட்டால் சுடும், அந்தப் பக்க வேர் வெந்தே போகும். பைகளை நெருக்கி வைத்து, அந்தப் பக்கம் பழைய சாக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

பருவம் மாறும்போது மூடாக்கும் மாற வேண்டும். மழை வந்ததும் பலர் ஈரம் அதிகம் என்று எல்லாவற்றையும் வாரி எறிந்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு. மழைத்துளி வெறும் மண்ணில் விழுந்து தெறிக்கும்போதுதான் மண்ணில் கிடக்கும் பூஞ்சை வித்து கீழிலைக்கு ஏறி இலைக்கருகல் தொடங்குகிறது. கனத்தை ஒரு அங்குலமாகக் குறைத்து, தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். தக்காளியில் தரையிலிருந்து ஓர் அடி உயரம்வரை இலைகளைக் கிள்ளிவிடுங்கள். நத்தை வந்தால் இரவு டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான். பனிக்காலத்தில் கீரை, முள்ளங்கி விதைத்தால் முளைத்து விரல் நீளம் வரும்வரை மண் திறந்தே இருக்கட்டும், பிறகு மூடுங்கள்.

விதைப்புக்கும் நாள்காட்டியைவிட இரவின் சூட்டை நம்புங்கள். இரவிலும் போர்வை தேவைப்படாத நாட்களில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, பாகல் போன்றவை அந்தச் சூட்டை விரும்புகிறவை. இரவு குளிரத் தொடங்குவதற்கு ஐந்து வாரம் முன்னால் தக்காளி நாற்று விட்டால் நடும் சமயம் சரியாக இருக்கும்.

மண்ணை மாற்ற வேண்டாம். கடைக்காரர் அப்படிச் சொல்வது அவருடைய வியாபாரம். ஒரு போகம் எடுத்த மண் செத்துவிடாது, உப்பு தங்கியிருக்கும், மட்கு குறைந்திருக்கும், அவ்வளவுதான். அவர் தரும் கலவையில் அலசாத தென்னைநார்க் கழிவு இருந்தால் அதில் சோடியமும் பொட்டாசியமும் நிறைந்திருக்கும். அது கால்சியத்தைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும், இதே அடி அழுகலைக் காசு கொடுத்து மறுபடி வாங்குவீர்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் மூன்று முறை ஊறவைத்து அலசி, கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள்.

செடி ஓய்ந்ததும் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கி, கையால் தேய்த்தும் உதிராமல் வேரோடு ஒட்டியிருந்தால் நூற்புழு. அந்தப் பைகளை மட்டும் தனியே ஒதுக்குங்கள். மண்ணைத் தார்ப்பாயில் ஆறு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீனால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்புப் பாலித்தீனில் மண் அந்த அளவு சூடேறாது. மழைக்கு முன் உங்களுக்கு நேரம் இருக்கிறது. வேர் சுத்தமாக இருந்தால், மற்ற செடிகளை மண்மட்டத்தில் வெட்டி வேரை உள்ளேயே மட்க விடுங்கள். 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர் தண்ணீரை ஐந்தாறு தவணையாக ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். இரண்டு நாள் கழித்து, நன்கு மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ நான்கில் ஒரு பங்கு, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம் கலந்து பத்து நாள் ஆறவிடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அடுத்த போகம் அந்தப் பைகளில் அவரையோ கீரையோ வரட்டும்.

மிளகாய் இலை எப்படிச் சுருள்கிறது என்று எழுதவில்லை. மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் முதல் வேலை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது. மூன்று நாள் பார்த்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள்.

சுரைப் பிஞ்சு மஞ்சளாவது மகரந்தம் சேராததால். சுரைப்பூ சாயங்காலம் மலரும், காலையில் மாடிக்கு வரும் தேனீக்கு அது கிடைப்பதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போங்கள். காம்பில் குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருப்பது பெண்பூ, வெறும் நீளக் காம்பில் நிற்பது ஆண்பூ. ஆண்பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தக் காம்பைப் பெண்பூவின் நடுமுடியில் மூன்று பக்கமும் மெதுவாகத் தடவச் சொல்லுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குத் தாங்கும். பிடித்த பிஞ்சு நாலைந்து நாளில் காம்பை வளைத்துக்கொண்டு கீழே தொங்கத் தொடங்கும்.