கியரைக் கூட்டும் முன் பெருக்கலைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் உருவாக்கும் ஆன்லைன் ஆர்பிஜியில் (பாத்திரமேற்று ஆடும் கேமில்) வாரியர், வில்லாளியான ஆர்ச்சர், மந்திரவாதியான மேஜ் என மூன்று கிளாஸ்கள். லெவல் 10இல் சண்டை சமமாக இருக்கிறது. லெவல் 60 கியர் (ஆயுதம், கவசம் போன்றவை) போட்டதும் ஆர்ச்சர் முன் வாரியரால் நிற்க முடிவதில்லை. வாரியருக்கு ஆர்மரை (அடியைத் தடுக்கும் கவச அளவை) கூட்டினால், பெரிய எதிரியான பாஸ் அடிப்பதுகூட அவருக்கு உறைப்பதில்லை. எந்த ஸ்டாட்டை (திறன் எண்ணை) மாற்றுவது?

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். முதலில் ஆர்மர். உங்கள் கியர் "டேமேஜ் 10% குறையும்" என்று நேரடியாகச் சதவீதம் கொடுக்கிறது என்று நினைக்கிறேன். 80 சதவீதம் 90 ஆகும்போது வாங்கும் அடி 20லிருந்து 10க்கு, அதாவது பாதியாக இறங்குகிறது. அதே 10 சதவீதம் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் குறைத்தது. கடைசியாகச் சேரும் கியர்தான் வாரியரை அசைக்க முடியாதவராக்குகிறது.

சதவீதத்தை எடுத்துவிட்டு ஆர்மரைப் புள்ளிகளாகக் கொடுங்கள். தடுக்கும் பங்கு = ஆர்மர் ÷ (ஆர்மர் + 1000). ஆர்மர் 1000 என்றால் 50%, 3000 என்றால் 75%. சதவீதம் மெதுவாக ஏறுவது போலத் தெரிந்தாலும், ஒவ்வொரு 1000 புள்ளியும் ஒரு முழு ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) அளவு கூடுதல் தாக்குப்பிடிப்பைத் தருகிறது. அதனால்தான் இதற்குச் சரியான விலை வைக்க முடிகிறது.

இனி ஆர்ச்சர். இவருடைய ஸ்டாட்டுகள் ஒன்றையொன்று பெருக்கும். லெவல் 10இல் அட்டாக் 100, விநாடிக்கு ஓர் அம்பு, கிரிட் (இடையிடையே விழும் பலத்த அடி) வாய்ப்பு 20%, கிரிட் விழுந்தால் 50% கூடுதல் என்று வையுங்கள். சராசரி டேமேஜ் விநாடிக்கு 110. லெவல் 60இல் அட்டாக் 200, விநாடிக்கு ஒன்றரை அம்பு, கிரிட் 50%, கூடுதல் 150% ஆகிறது. எந்த ஸ்டாட்டும் மூன்று மடங்கைத் தாண்டவில்லை. ஆனால் டேமேஜ் 525!

எதிரே நிற்கும் வாரியரின் ஹெச்பி 2000லிருந்து 4000 ஆகிறது, ஆர்மர் 500லிருந்து 1000 ஆகிறது. ஆர்மர் தடுப்பதையும் சேர்த்தால், அவரை வீழ்த்தக் கொடுக்க வேண்டிய டேமேஜ் 3000லிருந்து 8000. முன்பு 27 விநாடி நின்றவர் இப்போது 15 விநாடியில் விழுகிறார். இந்த விநாடிக் கணக்குதான் உங்கள் அளவுகோல். கியர் மேல் எழுதியிருக்கும் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள்.

தீர்வாக, கிரிட் டேமேஜைக் கியரிலிருந்து முழுதாக நீக்கி 50 சதவீதத்திலேயே நிறுத்துங்கள். அடிக்கும் வேகத்துக்கு 1.2 என்று உச்சவரம்பு வையுங்கள். அட்டாக்கையும் கிரிட் வாய்ப்பையும் தொடவே வேண்டாம். டேமேஜ் 300 ஆகும். வாரியர் மறுபடியும் 27 விநாடிக்கு அருகில் வந்துவிடுவார். வேட்டையாடிச் சேர்த்த கியரின் அட்டாக்கைக் குறைத்தால் ஆட்டக்காரர்கள் மனம் நொந்துபோவார்கள், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிட் டேமேஜை விட மனமில்லையென்றால் விலையையாவது திருத்துங்கள். மேலே சொன்ன லெவல் 60 பில்டில் (ஸ்டாட்டுகளின் சேர்க்கையில்) ஒரு புள்ளி அட்டாக் 0.5% டேமேஜ் தருகிறது. ஒரு சதவீதக் கிரிட் வாய்ப்பு சுமார் 0.86% தருகிறது. இரண்டுக்கும் ஒரே விலை வைத்தால் எல்லோரும் கிரிட்டைத்தான் அடுக்குவார்கள். இந்த விகிதம் பில்டுக்குப் பில்டு மாறும், ஒவ்வொரு கிளாஸுக்கும் தனியாகக் கணக்கிடுங்கள்.

"ஒவ்வோர் அடிக்கும் +20 டேமேஜ்" போன்ற வரிகளிலும் கவனம் தேவை. அரை விநாடிக்கு ஒருமுறை குத்தும் கத்தியில் அது விநாடிக்கு 40, இரண்டு விநாடிப் பெருவாளில் வெறும் 10. மேஜுக்கும் இதே சிக்கல் வரும். பழைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நேரடித் தாக்குதல் மந்திரத்தின் ஓதும் நேரத்தை 3.5ஆல் வகுத்து, அந்தப் பங்கு ஸ்பெல் பவரை (மந்திர வலிமையை) மட்டும் சேர்த்தார்கள். 3.5 விநாடி மந்திரத்துக்கு முழுதும், 1.5 விநாடி மந்திரத்துக்குச் சுமார் 43%. நீங்களும் அப்படிச் செய்யலாம்.

வாரியர் நெருங்கிச் செல்லும் நேரத்தையும் அளந்து பாருங்கள். சண்டையில் 70% நேரம்தான் அவர் வாள் எட்டுகிறது என்றால், சமமாக நிற்க 1.43 மடங்கு டேமேஜ் வேண்டும். அதைக் கியரில் ஏற்றாமல் அவருடைய ஸ்கில் பெருக்கத்தில் ஏற்றுங்கள். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதும்போது மட்டும் சிக்கல் என்றால், அங்கே மட்டும் பொருந்தும் ஒரு தனிப் பெருக்கெண் போதும். பாஸ் சண்டை கெடாது.

மூன்று கிளாஸும் ஒன்றோடொன்று மோதினால் எத்தனை விநாடி நிற்கும் என்ற ஒன்பது கட்ட அட்டவணையைத் தொடக்கக் கியர், நடுத்தரக் கியர், உச்சக் கியர் மூன்றுக்கும் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே எண்ணை, 10 சதவீதத்துக்கு மேல் போகாமல் மாற்றி, ஒன்பது கட்டங்களையும் மறுபடி நிரப்புங்கள்.