நாம் செய்வது நம் விருப்பமா, சூழல் செய்விப்பதா?
மனிதன் தானாகத் தேர்ந்து நடக்கிறானா, சூழல் அவனை ஆட்டுவிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கால்வாசி சூழல் என்பது என் கட்சி. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களைப் பாருங்கள்.

அங்கே ஹெராயின் என்ற போதைப்பொருள் மலிவு. சிகரெட்டில் கலந்து புகைத்தார்கள். 1971-ல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்து விசாரித்தார். சுமார் 20 சதவீதம் பேர் அங்கே அடிமையாகவே இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில், திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. முகாம், பயம், சலிப்பு, சேர்ந்து புகைத்த கூட்டாளிகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. (எனக்கும் டீ கிளாஸ் கைக்கு வந்தால்தான் சிகரெட் ஞாபகம் வரும். டீக்கடைப் பக்கம் போகாத நாளில் அந்த நினைப்பே இருக்காது.)

மீதிக் கால்வாசி? அதே முகாமில், அதே பயத்தில் ஹெராயினைத் தொடாதவர்கள் பாதிக்கு மேல். அதையும் முழு மனவுறுதி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால், படையில் சேருமுன்பே போதைப்பழக்கமோ வம்புதும்போ இருந்தவர்கள்தான் அங்கே அதிகம் புகைத்தார்கள் என்பதும் ராபின்ஸ் கண்டதுதான்.