பிபிசி மைக்ரோ நிற்காமல் கத்துகிறதா? போர்டை இன்னும் கைவிட வேண்டாம்

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில், எனாமல் சட்டிகளுக்கு நடுவே ஒரு பிபிசி மைக்ரோ மாடல் பி கணினி கிடைத்தது. ஸ்விட்ச் போட்டால் 'பூம்' என்று ஒரே சத்தம், நிற்பதே இல்லை. டி.வி.யில் எதுவும் வரவில்லை. தெரிந்த மெக்கானிக், "புராசசர் போயிருக்கும், ஐசிகளைக் கழற்றி மாற்றிப் பார்க்கலாம்" என்கிறார். செய்யலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வேண்டாம். சால்டரிங் அயர்னை இப்போதைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

அந்தச் சத்தம் உண்மையில் நல்ல சகுனம். இந்த மெஷினில் ஒலிக்கென்று எஸ்என்76489 என்ற தனி ஐசி இருக்கிறது. கரன்ட் வந்ததும் அது தானாகவே கத்தத் தொடங்கும். ரோம் என்கிற அழியாத நினைவக ஐசியில் உள்ள இயங்குதளம் ஓட ஆரம்பித்து அதை அடக்கினால்தான் நிற்கும். அப்புறம் சின்னதாக ஒரு 'பீப்'. ஆக, உங்கள் போர்டுக்கு மின்சாரம் ஓரளவாவது வருகிறது, ஒலி ஐசி உயிரோடு இருக்கிறது. அடக்கும் கட்டளைதான் போய்ச் சேரவில்லை. அதற்குக் காரணங்கள் பல. புராசசர் செத்துப்போவது அதில் கடைசி. இதில் உள்ள 6502 புராசசர் சுலபத்தில் சாகிற ரகம் இல்லை.

பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட மெஷின் இது. 1984-இல் நம் மத்திய அரசு பள்ளிகளில் தொடங்கிய 'கிளாஸ்' கணினித் திட்டத்துக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். உங்களுடையதும் ஏதோ ஒரு பள்ளி அலமாரியிலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் பல வருடங்களாகக் கரன்டே பார்க்காமல் கிடந்திருக்கும். அதனால் பவர் சப்ளையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டிக்குள் 230 வோல்ட் வரும் இடத்தில், மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும் சிறு கட்டி வடிவக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை பேப்பர் ரகம். வயதாக ஆக மேல் ஓட்டில் மயிரிழை வெடிப்பு விடும், ஈரம் உள்ளே போகும், ஒருநாள் நாற்றத்தோடு புகைந்து வெடிக்கும். வெடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுவதே என் பழக்கம். அதே மதிப்பில் 'எக்ஸ்2' என்று அச்சிட்ட 275 வோல்ட் ஏசி பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர்தான் போட வேண்டும். கடையில் "இதுவும் போதும் சார்" என்று சாதாரண டிஸ்க் கெப்பாசிட்டரை நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். இந்த ஒரு வேலையை மட்டும் உங்கள் மெக்கானிக்கிடமே கொடுப்பது நல்லது. முடிந்ததும் முதல் தடவை சீரிஸ் போர்டில் பல்பு வழியாக ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் போர்டோடு இணைத்த நிலையிலேயே வோல்ட் அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்த கணக்கை நம்ப முடியாது. சிவப்பு ஒயர்களுக்கும் கறுப்புக்கும் நடுவே 4.9 முதல் 5.1 வரை இருந்தால் சரி. மூன்று சிவப்பு ஒயர்களையும் தனித்தனியே போர்டில் சேரும் இடத்தில் பாருங்கள். ஊதா ஒயரில் வரும் மைனஸ் 5 இல்லாவிட்டாலும் மெஷின் எழும், அதைப் பிறகு கவனிக்கலாம்.

வோல்ட் சரி என்றால், அடுத்த சந்தேகம் சாக்கெட்டுகள் மேல். என்னைக் கேட்டால் குற்றவாளி இங்கேதான் இருப்பார். பெரிய ஐசிகள் எல்லாம் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், சால்டர் செய்திருக்காது. அந்தக் கால ஐசிகள் பலவற்றின் கால்கள் வெள்ளி முலாம் பூசியவை. பூஜை அறை வெள்ளிச் சாமான் கறுப்பது போலவே இவையும் கறுக்கும். அந்தக் கறுப்புப் படலம் தொடர்பைக் கெடுத்துவிடும். (உலோக அரிப்பை ஆராய்கிற சிக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை, 1953 முதல் ஊரிலேயே வைத்துக்கொண்டு நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள்!) ஐசி 1 (6502 புராசசர்), ஐசி 51 (இயங்குதள ரோம்), ஐசி 3 (6522 என்ற உள்ளீட்டு-வெளியீட்டு ஐசி), ஐசி 6 (திரைக்குப் படம் தரும் வீடியோ யூஎல்ஏ, சூடு தணிக்க ஹீட் சிங்க் ஒட்டியது). இந்த நாலையும் ஒவ்வொன்றாக, இரு முனையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள். ஐசியின் எந்த முனையில் பள்ளம் இருந்தது என்று முதலிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். கால்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் திரும்பப் பொருத்துங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அது புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும், நம் ஊர் செம்மண் புழுதிக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்னும் கத்துகிறதா? கீபோர்டு ரிப்பனைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். பிரேக் கீ, புராசசரை முதலிலிருந்து தொடங்க வைக்கும் ரீசெட் கம்பியோடு நேராக இணைந்தது. அந்தக் கீ உள்ளேயே ஒட்டிக்கொண்டால் புராசசர் ரீசெட்டிலேயே கிடக்கும். கழற்றியதும் பீப் வந்தால் கோளாறு போர்டில் இல்லை, கீபோர்டில்.

வரவில்லையென்றால் மீட்டரோடு 6502-க்கு வாருங்கள். 40-ஆம் கால் ரீசெட்: ஸ்விட்ச் போட்டபின் 5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 37-ஆம் கால் கிளாக் (வேலைக்குத் தாளம் போடுவது), 7-ஆம் கால் சிங்க் (புராசசர் கட்டளை எடுக்கும்போதெல்லாம் துடிப்பது): இரண்டும் துடிக்கிற சிக்னல்கள், ஆகவே சாதாரண மீட்டரில் 0-வும் இல்லாமல் 5-உம் இல்லாமல் நடுவில் ஏதோ ஒன்று காட்டும். கிளாக் துடித்து, ரீசெட்டும் உயர்ந்து நின்று, சிங்க் மட்டும் செத்துக் கிடந்தால், அப்போது மெக்கானிக் சொன்னதை நம்பலாம்.

சிங்க் துடிக்கிறது, ஆனாலும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஐசி 3 மேல் சந்தேகப்படுங்கள். ஒலி ஐசிக்குக் கட்டளை இதன் வழியாகத்தான் போகிறது. இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு: ஐசி 69-உம் அதே 6522 தான், அது இல்லாமலும் மெஷின் எழும். இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். சத்தம் நின்றால் பழுது எதில் என்று தெரிந்துவிட்டது. புதிதாக 65சி22 வாங்கினால் முடிவில் 'என்' என்று இருப்பதைக் கேளுங்கள். 'எஸ்' வகை, பல ஐசிகள் பகிரும் இன்டரப்ட் கம்பிக்கு ஒத்துவராது.

இதுவும் இல்லையென்றால்தான் மெமரி. ஐசி 53 முதல் 68 வரை பதினாறு 4816 சில்லுகள். அவற்றில் ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் 4116 கொடுத்தால் வாங்காதீர்கள், அது 12 வோல்ட் கேட்கிற வேறு சில்லு. சால்டர் செய்த சில்லை முழுதாகப் பிடுங்கினால் போர்டின் துளைகள் கிழியும். கால்களை வெட்டி, ஒவ்வொன்றாக உருவி, அந்த இடத்தில் சாக்கெட் போட வேண்டும்.

சத்தம் நின்று பீப் வந்தபின்னும் திரை காலியாக இருந்தால், டி.வி. சேனல் தேடி நேரம் வீணாக்காமல் பின்னால் உள்ள பிஎன்சி இணைப்பிலிருந்து ஏவி உள்ளீட்டுக்கு ஒயர் இழுங்கள். படம் கறுப்பு வெள்ளையில் வரும், அது கோளாறு அல்ல. அப்போதும் ஒன்றும் தெரியவில்லையா? கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் ஆங்கிலத்தில் 'மோட் 4' என்று பெரிய எழுத்தில் அடித்து ரிட்டர்ன் தட்டுங்கள். படம் வந்துவிட்டால் டெலிடெக்ஸ்ட் எழுத்து வரையும் ஐசி 5 மட்டும்தான் பாக்கி. எழுத்து வந்து 'லாங்குவேஜ்?' என்று கேட்டு நின்றால், பேசிக் நிரல்மொழி உள்ள ரோமான ஐசி 52-ஐக் கழற்றித் துடைத்துப் போடுங்கள்.